பத்து வருஷம் யூனிஃபார்ம், அப்புறம் ஒரு ஆஃபர் லெட்டர்: 24 லட்சம் சிடிசி உண்மையில எவ்வளவு?

ராணுவத்துல இருந்து வெளிய வர்ற ஆபீசர்களைப் பத்தி வீடியோவில் வேகமா ஒரு கணக்கு சொல்லியிருந்தேன். அதை நிறுத்தி, பேனா பேப்பரோட பார்க்கணும்னு கேட்டவங்களுக்காக இங்க நிதானமா எழுதறேன்.

"நான் ஐடி கம்பெனியில இருக்கேன், எனக்கு எதுக்கு இது?"ன்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. மாசச் சம்பளம் வாங்குற நம்ம எல்லாருக்கும் இருக்குற ரெண்டு பிரச்னை, பென்ஷன் இல்லாததும் சிடிசி புரியாததும், இவங்களுக்கு ஒரே நாள்ல வந்து நிக்குது. அதனால இவங்க கணக்கைப் பார்த்தா நம்ம கணக்கும் தெளிவாகும்.

யாரைப் பத்தி பேசறோம்?

நான் இருக்குற ராஜா அண்ணாமலைபுரத்துல இருந்து அடையாறு, கிண்டி தாண்டினா பரங்கிமலை. அங்கதான் ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமி இருக்கு. 1963-ல் ஆரம்பிச்சது. 1992-ல் இருந்து பெண் அதிகாரிகளுக்கும் அங்கே பயிற்சி. 'அமரன்' படம் பார்த்தவங்களுக்கு மேஜர் முகுந்த் வரதராஜனைத் தெரியும். அவர் பயிற்சி முடிச்சதும் இங்கதான்.

இந்த அகாடமியில இருந்து வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க 'ஷார்ட் சர்வீஸ் கமிஷன்' அதிகாரிகள். 49 வாரப் பயிற்சி, அதுக்கப்புறம் 10 வருஷ சேவை. பத்தாவது வருஷம் மூணு வழி: நிரந்தர கமிஷனுக்குப் போகலாம், இன்னும் 4 வருஷம் நீட்டிக்கலாம், இல்லைன்னா வெளிய வரலாம். நிரந்தர கமிஷன் கேட்ட எல்லாருக்கும் கிடைக்காது. பெரும்பாலான பிரிவுகள்ல பெண் அதிகாரிகளுக்கு அந்த வழியே இல்லாம இருந்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்கு அப்புறம்தான் அது திறந்தது.

இங்க முக்கியமான நம்பர் 20. ஆபீசர்களுக்கு பென்ஷன் வேணும்னா 20 வருஷ சேவை முடிச்சிருக்கணும். பத்தோ பதினாலோ முடிச்சு வர்றவங்களுக்கு கிராஜுவிட்டி உண்டு, மாசப் பென்ஷன் கிடையாது. "மிலிட்டரில இருந்து வந்தவர், கவர்மென்ட் பென்ஷன் வருமே"ன்னு சொந்தக்காரங்க சொல்வாங்க. வராது. வயசு 34 - 36. முன்னாடி இன்னும் இருபத்தஞ்சு வருஷ உழைப்பு இருக்கு.

கணக்கு 1: மேஜர் சம்பளமும் 24 லட்சம் சிடிசியும்

பத்து வருஷம் முடிச்சவர் பொதுவா மேஜரா இருப்பார். ஏழாவது சம்பளக் கமிஷன்படி மேஜருக்கு அடிப்படைச் சம்பளம் 69,400-ல ஆரம்பிக்குது. அதுக்கு மேல மிலிட்டரி சர்வீஸ் பே 15,500. நம்ம உதாரணத்துல அடிப்படை 80,500-ன்னு வச்சுக்குவோம். அகவிலைப்படிக்கு 2025 ஜனவரி நிலவரப்படி 55 சதவீதம். வரி ரெண்டு பக்கமும் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில.

மேஜரோட ஒரு மாசம்:

- அடிப்படை + மிலிட்டரி சர்வீஸ் பே: 96,000
- அகவிலைப்படி: 52,800
- மொத்தம்: 1,48,800
- வருமான வரி: சுமார் 12,300
- மீதி: சுமார் 1,36,500

மற்ற படிகளை நான் சேர்க்கல. வருஷத்துக்குப் பார்த்தா சுமார் 18 லட்சம். இப்ப ஒரு கம்பெனி "24 லட்சம்"னு ஆஃபர் கொடுக்குது. 18-க்கும் 24-க்கும் 6 லட்சம் வித்தியாசம், மூணுல ஒரு பங்கு கூடுதல்னு தோணும். உடைச்சுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் சிடிசியில பாதி, அதாவது 12 லட்சம்னு வச்சுக்கறேன்.

- கம்பெனி போடுற பிஎஃப், 12 சதவீதம்: 1,44,000
- கிராஜுவிட்டிக்கு ஒதுக்குறது: சுமார் 58,000
- குரூப் மெடிக்கல் பிரீமியம்: 18,000
- வேரியபிள் பே, 10 சதவீதம்: 2,40,000
- இதெல்லாம் போக உறுதியான வருஷச் சம்பளம்: 19,40,000
- வருமான வரி: சுமார் 1,80,000
- மீதியை 12-ஆல வகுத்தா: சுமார் 1,46,700

இதுல இருந்து நம்ம பங்கு பிஎஃப் 12,000 பிடிச்சா பேங்க்ல விழறது சுமார் 1,34,700. ஆனா மேஜர் பக்கம் அவரோட பிராவிடன்ட் ஃபண்டை நான் கழிக்கல. அதனால சமமா ஒப்பிடணும்னா 1,46,700-ஐயும் 1,36,500-ஐயும் வைக்கணும். வித்தியாசம் சுமார் 10,000.

இப்ப வீடு. சேவையில இருக்கும்போது குவார்ட்டர்ஸ் இருந்தது. வெளிய வந்தா நாமதான் வாடகை கொடுக்கணும். சென்னையில குடும்பத்தோட இருக்க மாசம் 45,000-ன்னு வச்சுக்கோங்க. 10,000 கூடுதலா வந்தது போய் 35,000 பள்ளம் விழுந்தாச்சு.

வேரியபிள் முழுசா வந்தா வரி போக மாசத்துக்கு 15,000 கிட்ட சேரும். கம்பெனி போடுற பிஎஃப் 12,000-ஐயும் நம்ம சொத்தா எண்ணிக்கலாம். அப்பவும் ஏழாயிரம், எட்டாயிரம் பின்னாடிதான் நிக்கறோம். மருத்துவம், கேன்டீன், பிள்ளைங்க ஸ்கூல் இதையெல்லாம் நான் தொடவே இல்ல.

அதாவது 24 லட்சம் சிடிசி, இந்த மேஜருக்குச் சம்பள உயர்வே இல்ல. கிட்டத்தட்ட அதே இடம். ஆஃபர் மோசம்னு நான் சொல்ல வரல. நல்ல ஆஃபராகவே இருக்கலாம். ஆனா "சம்பளம் ஏறிடுச்சு"ன்னு நினைச்சு செலவை ஏத்தினா அங்கதான் சிக்கல் ஆரம்பிக்குது.

நமக்கு இதுல என்ன பாடம்? வேலை மாறும்போது பழைய சிடிசியையும் புது சிடிசியையும் ஒப்பிடாதீங்க. 'வரி போக, வீட்டு வாடகை போக, உறுதியா வர்றது எவ்வளவு'ங்கிற ஒரே நம்பரை ரெண்டு பக்கமும் எழுதுங்க. கோயம்புத்தூர்ல சொந்த வீட்ல இருந்துட்டு சென்னைக்கு மாறுறவங்களுக்கும் இதே கணக்குதான்.

பேரம் பேசும்போது கேட்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, வேரியபிள் எவ்வளவு, போன வருஷம் உண்மையில எத்தனை சதவீதம் கொடுத்தாங்க. ரெண்டு, கம்பெனி வழியா என்பிஎஸ் உண்டா. புதிய வரி முறையிலயும் அடிப்படைச் சம்பளத்துல 14 சதவீதம் வரைக்கும் கம்பெனி போடுற என்பிஎஸ்ஸுக்கு வரி கிடையாது. நம்ம உதாரணத்துல அது 1,68,000. அதே சிடிசிக்குள்ள மாத்தி வச்சாலே வருஷம் சுமார் 35,000 வரி மிச்சம். கைக்கு வர்றது குறையும்தான், ஆனா அது ஓய்வுக்காலத்துக்குப் போற பணம்.

கணக்கு 2: மொத்தமா வர்ற பணம் யாரோடது?

வெளிய வரும்போது பிராவிடன்ட் ஃபண்ட், கிராஜுவிட்டி, எடுக்காத லீவுக்கான பணம், ராணுவ குரூப் இன்சூரன்ஸ் மெச்சூரிட்டின்னு பல பக்கத்துல இருந்து பணம் வரும். படையினருக்குக் கிடைக்கிற கிராஜுவிட்டிக்கு முழு வரி விலக்கு. தனியார் வேலையில இருக்குற மாதிரி 20 லட்சம் உச்சவரம்பு இவங்களுக்கு இல்ல. ஓய்வு பெறும்போது வர்ற லீவ் பணத்துக்கும் அரசு ஊழியர்ங்கிற முறையில முழு விலக்கு உண்டு. வரி இல்லைங்கிறதுக்காக ரிட்டர்ன்ல காட்டாம விடக்கூடாது. விலக்கு பெற்ற வருமானம்னு காட்டணும்.

மொத்தம் 50 லட்சம்னு வச்சுக்குவோம். 34 வயசுல ஒரே கணக்குல 50 லட்சத்தைப் பார்த்தா யாருக்கும் மனசு கொஞ்சம் ஆடும். பணம் விழுந்த வாரமே பேங்க்ல இருந்து "சார், உங்களுக்குன்னே ஒரு கேரண்டீட் பிளான்"னு போன் வரும். ஷோரூம்ல பெரிய கார் நிக்குது. அப்பா, "முதல்ல ஒரு ஃபிளாட் வாங்கிப்போடு"ம்பார்.

ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இந்தப் பணம் இன்னைக்கு இருக்குற எனக்கா, இல்ல 59 வயசுல இருக்கப்போற எனக்கா?

இன்னைக்கு குடும்பச் செலவு மாசம் 1 லட்சம். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினா, 25 வருஷம் கழிச்சு அதே வாழ்க்கைக்கு மாசம் சுமார் 4.3 லட்சம் வேணும். 50 லட்சத்தைத் தொடாம விட்டு, சராசரியா 9 சதவீதம் வளர்ந்தா (இது அனுமானம், உத்தரவாதம் இல்ல) 25 வருஷத்துல சுமார் 4.3 கோடி ஆகும். பெரிய தொகைதான். ஆனா மாசம் 4.3 லட்சம் எடுத்தா எத்தனை நாள் வரும்? 100 மாசம். எட்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. அப்புறமும் வட்டி வரும், விலைவாசியும் ஏறும், ரெண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி.

முழுசாத் தொடாம விட்டாலே எட்டு வருஷம்தான். அதுல 20 லட்சத்துக்கு கார் வாங்கினா? அந்த 20 லட்சம் 25 வருஷத்துல 1.7 கோடியா வளர்ந்திருக்கும். எட்டு வருஷம் ஐஞ்சு வருஷமா சுருங்கிடும்.

அதனால இதை 'சேமிப்பு'ன்னு கூப்பிடாதீங்க. வராத பென்ஷனுக்குப் பதிலா வந்த பணம் இது. பேரை மாத்தினாலே கை தானா பின்னாடி போகும்.

நடைமுறையில என்ன செய்யலாம்?

- முதல் ஆறு மாசம் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். லிக்விட் ஃபண்ட்லயும் ஒண்ணுக்கு மேற்பட்ட பேங்க் எஃப்டியிலும் பிரிச்சு வைங்க. ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும்தான் டெபாசிட் இன்சூரன்ஸ்ங்கிறது ஞாபகம் இருக்கட்டும்.
- ஒரு வருஷச் செலவைத் தனியா வைங்க. மத்த சம்பளக்காரங்களுக்கு நான் ஆறு மாசம்னு சொல்வேன். முதல் சிவில் வேலை பிடிக்காம மாறுறதுக்கான சாத்தியம் அதிகம்ங்கிறதால இவங்களுக்கு ஒரு வருஷம்.
- மீதியை ஒரே நாள்ல ஷேர் மார்க்கெட்ல கொட்டாம, 12 - 18 மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா இண்டெக்ஸ் ஃபண்ட், கடன் ஃபண்ட்னு கொண்டு போங்க.
- வீட்டுக் கடன் எடுக்கறதுக்கு முன்னாடி புது வேலையில ஒரு வருஷம் ஓட்டுங்க. 80 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருஷம்னா இஎம்ஐ 69,000-க்கு மேல. நாம மேல பார்த்த 1,34,700-ல பாதிக்கு மேல அதுக்கே போயிடும்.

கணக்கு 3: வேலை மாறுற வருஷத்து வரி

இது யூனிஃபார்ம் போடாதவங்களுக்கும் வருஷா வருஷம் நடக்குது. ஜூலை மாசம் ஆபீசுக்கு வர்ற போன்கள்ல பாதி இதுதான்.

செப்டம்பர்ல ராணுவத்துல இருந்து விடுபட்டு, அக்டோபர்ல கம்பெனியில சேர்றார்னு வச்சுக்குவோம். முதல் ஆறு மாசம் 8.93 லட்சம். அடுத்த ஆறு மாசம் கம்பெனியில 9.7 லட்சம். பழைய வருமானத்தைச் சொல்லலைன்னா கம்பெனி என்ன நினைக்கும்? "இவரோட வருஷ வருமானம் 9.7 லட்சம், 12 லட்சத்துக்குக் கீழ, வரி இல்ல." டிடிஎஸ் பூஜ்யம். மாசம் மாசம் கூடுதலா வந்த பணம் செலவாகிடும்.

உண்மையில மொத்த வருமானம் 18.6 லட்சம். வரி சுமார் 1.64 லட்சம். ராணுவத்துல ஏற்கனவே பிடிச்சது போக மீதி மொத்தமும், வட்டியோட, ரிட்டர்ன் போடும்போது ஒரே அடியா கட்டணும்.

தீர்வு ரொம்ப சிம்பிள். சேர்ந்த முதல் மாசமே பழைய வேலையின் வருமான விவரத்தையும் பிடிச்ச வரியையும் புது கம்பெனி ஹெச்ஆர்கிட்ட எழுத்துல கொடுங்க. ராணுவ அதிகாரிகளுக்குச் சம்பளக் கணக்கு புனேயில இருக்குற பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்துல. விடுபடுறதுக்கு முன்னாடியே அங்க இருந்து தேவையான எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.

பிஎஃப்: ஹெச்ஆர் கேட்கிற ஒரு கேள்வி

முதல் தடவையா தனியார் வேலைக்கு வர்றவர்கிட்ட, அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல இருந்தா, "உங்களுக்கு பிஎஃப் வேணுமா வேண்டாமா?"ன்னு ஹெச்ஆர் கேட்கலாம். ஏற்கனவே இபிஎஃப் உறுப்பினரா இல்லாதவங்களுக்கு வெளிய நிக்க சட்டம் இடம் கொடுக்குது. "கைக்கு அதிகமா வருமே"ன்னு வேண்டாம்னு சொல்லாதீங்க. பென்ஷன் இல்லாதவருக்கு இது கட்டாயச் சேமிப்பு. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம்.

இன்னொண்ணு. 2014 செப்டம்பருக்குப் பிறகு புதுசா சேர்ந்து, சம்பளம் 15,000-க்கு மேல இருக்கறவங்க இபிஎஃப்ஓவின் பென்ஷன் திட்டத்துக்குள்ள வரமாட்டாங்க. கம்பெனி போடுற 12 சதவீதமும் முழுசா பிஎஃப் கணக்குலயே விழணும். பாஸ்புக்கைத் திறந்து பாருங்க. பென்ஷன் பத்தியில மாசம் 1,250 போயிட்டிருந்தா, உடனே ஹெச்ஆர்கிட்ட சொல்லித் திருத்துங்க. பத்து வருஷம் கழிச்சுத் திருத்துறது பெரிய வேலை.

இன்சூரன்ஸ்: வெளிய வந்த பிறகு இல்ல, மூணு வருஷம் முன்னாடி

சேவையில இருக்கும்போது மருத்துவமும் ஆயுள் காப்பீடும் பின்னாடி தானா ஓடிட்டிருக்கும். விடுபட்ட பிறகு அதே பாதுகாப்பு அப்படியே கூட வராது. முன்னாள் படைவீரர்களுக்கான இசிஹெச்எஸ் மருத்துவத் திட்டம் 2003-ல் பென்ஷன் வாங்குறவங்களுக்காக வந்தது. ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளும் ஒருமுறை பணம் கட்டிச் சேர 2019-ல் அரசு அனுமதி கொடுத்தது. நிபந்தனைகளைப் படிச்சு, தகுதி இருந்தா விண்ணப்பிங்க. ஆனா அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

தனியார் ஹெல்த் பாலிசியில ஏற்கனவே இருக்குற நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்ப அதிகபட்சம் 36 மாசம். சேவையோட ஏழாவது வருஷமே குடும்பத்துக்கு ஒரு பாலிசி எடுத்துட்டா, யூனிஃபார்மைக் கழட்டும்போது அந்தக் காத்திருப்பு முடிஞ்சிருக்கும். டேர்ம் இன்சூரன்ஸும் அப்படியே, வயசு குறைவா இருக்கும்போதே. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்ல.

"கம்பெனி மெடிக்கல் இருக்கே"ன்னு சும்மா இருக்குற ஐடி நண்பர்களே, இது உங்களுக்கும்தான். வேலை போற அன்னைக்கு அந்த கார்டும் போயிடும்.

தயார் ஆகுறதுக்கான நேரம்

பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழ மறுவாழ்வு இயக்குநரகம் இருக்கு. வெளிய வரப்போற அதிகாரிகளுக்கு ஐஐஎம் மாதிரி நிறுவனங்கள்ல 24 வார மேனேஜ்மென்ட் படிப்பு வரைக்கும் ஏற்பாடு பண்றாங்க. கட்டணத்துல ஒரு பங்கை அரசு ஏத்துக்கும். சிவில் சர்வீஸ் தேர்வு எழுதணும்னா, ஐஞ்சு வருஷ சேவை முடிச்ச ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்கு வயசு வரம்புல ஐஞ்சு வருஷம் வரை சலுகை உண்டு. நம்ம ஊர்ல மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல பேரைப் பதிவு பண்ணிடுங்க.

ரெஸ்யூமேல ராணுவ வார்த்தைகளை அப்படியே போட்டா ஹெச்ஆருக்குப் புரியாது. "கம்பெனி கமாண்டர்"னு எழுதாம, எத்தனை பேரை எத்தனை வருஷம் நடத்தினீங்க, எவ்வளவு மதிப்புள்ள வண்டியும் கருவியும் உங்க கையெழுத்துல இருந்தது, ஆடிட்டை எப்படி முடிச்சீங்கன்னு எழுதுங்க. 30 வயசுல நூறு பேருக்குப் பொறுப்பா இருந்தவங்க கார்ப்பரேட்ல ரொம்பக் குறைவு. அதை நம்பர்ல காட்டினாத்தான் சம்பளமும் நம்பர்ல ஏறும்.

தொழில் தொடங்குற ஆசை இருக்குறவங்க 'சூரரைப் போற்று' படத்தை உதாரணம் காட்டுவாங்க. அதுக்கு ஆதாரமான கேப்டன் கோபிநாத் எட்டு வருஷ சேவைக்குப் பிறகு ராணுவத்தை விட்டார். ஏர் டெக்கான் பறந்தது 2003-ல். நடுவுல இருபது வருஷத்துக்கும் மேல இடைவெளி. அந்த வருஷங்கள்ல விவசாயம், பட்டு வளர்ப்பு, ஹெலிகாப்டர் சேவைன்னு ஒண்ணொண்ணா கத்துக்கிட்டார். பென்ஷனுக்குப் பதிலா வந்த பணத்தை முதல் வருஷமே ஒரே தொழில்ல போடுறதுக்கு முன்னாடி அந்த இருபது வருஷத்தை நினைச்சுப் பாருங்க.

சுருக்கமா ஒரு டைம்லைன்

- மூணு வருஷம் முன்னாடி: ஹெல்த் பாலிசி, டேர்ம் பாலிசி, சொந்தமா ஒரு எஸ்ஐபி.
- ஒரு வருஷம் முன்னாடி: படிப்பு, ரெஸ்யூமே, வாடகையோட சேர்த்து ஒரு சிவில் பட்ஜெட். முடிஞ்சா மூணு மாசம் அந்த பட்ஜெட்லயே வாழ்ந்து பாருங்க.
- வெளிய வர்ற மாசம்: எல்லா ஆவணமும் கையில. மொத்தப் பணம் பிரிச்சு எஃப்டி, லிக்விட் ஃபண்ட்ல.
- முதல் வேலை, முதல் மாசம்: பழைய வருமான விவரம் ஹெச்ஆர்கிட்ட, பிஎஃப் வேணும்னு கையெழுத்து.
- முதல் வருஷ முடிவு: வீடு, கார், தொழில் பத்தி அப்ப யோசிக்கலாம்.

இப்ப நம்ம பக்கம். ஷார்ட் சர்வீஸ் அதிகாரிக்கு 34 வயசுல, "உனக்கு பென்ஷன் கிடையாது"ன்னு ஒரு தேதி போட்டு காகிதத்துல வருது. அதனால அவர் உட்கார்ந்து கணக்குப் போடறார். தனியார் வேலையில இருக்குற நமக்கு அப்படி எந்தக் காகிதமும் வராது. ஆனா விஷயம் அதேதான், சேர்ந்த முதல் நாள்ல இருந்தே. 25 வயசுல மாசம் 10,000 எஸ்ஐபி போடுறவரும் பென்ஷனுக்குப் பதிலாத்தான் போடறார், பேருதான் வேற.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்க. சம்பள சிலிப்பை எடுத்து, வரியும் வாடகையும் போக உறுதியா வர்றது எவ்வளவுன்னு ஒரு நம்பரை எழுதுங்க. அதுக்குக் கீழ, 59 வயசுல மாசம் எவ்வளவு வேணும்னு இன்னொரு நம்பர். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பார்த்துட்டு, எஸ்ஐபி தொகையை முடிவு பண்ணுங்க.